நன்றிப் பட்டியலில் யார் பெயர்? பொருளறிவியல் வகுப்புக்குக் கைகொடுப்போரைச் சிறப்பிப்பது பற்றிய கேள்வி பதில்கள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 முதல் 6 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, ஒரு சமூக மன்ற அறையில் மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் தமிழில் பொருளறிவியல் வகுப்பு நடத்துகிறோம். இங்கே சம்பளம் வாங்குபவர் எவரும் இல்லை. பொருள் தருபவர், முந்தைய இரவே தயார்செய்து வைப்பவர், தம் தொழிலைப் பற்றிப் பேச வருபவர், முடிந்ததும் மேசையைத் துடைப்பவர் என்று பலரின் உழைப்பில் வகுப்பு நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாலை நேர நிகழ்ச்சி வைத்து அவர்களுக்கு நன்றி சொல்கிறோம். அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பெற்றோரும் புதிதாகச் சேரும் தொண்டூழியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பொருளறிவியல் என்றால் பொருளியலா?

இல்லை. இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. பொருளியல் என்பது பணம், சந்தை, வேலைவாய்ப்பு பற்றிய படிப்பு. தொடக்கக் கல்லூரியில் அதை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. பொருளறிவியல் கையில் பிடிக்கும் பொருளைப் பற்றியது. ஒரு பொருள் எதனால் ஆனது, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கை மாற்றினால் குணம் எப்படி மாறும் என்று கேட்கிறது. பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டும் வைரமும் ஒரே கரிமம்தான். அணுக்கள் தாள் தாளாகப் படிந்திருந்தால் காகிதத்தில் வழுக்கி எழுதும். ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கமும் இறுகப் பிணைந்திருந்தால் கண்ணாடியைக் கீறும்.

பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்களே, தனி வகுப்பு எதற்கு?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல் தொடங்குகிறது. பொருள்களின் தன்மைகள் அந்த ஆண்டிலேயே வந்துவிடுகின்றன: எது வளையும், எது நீரை உள்ளே விடாது, எதன் வழியே ஒளி செல்லும், எது மிதக்கும். நல்ல தொடக்கம். ஆனால் பல பிள்ளைகளின் மனத்தில் அது தேர்வுக்கான அட்டவணையாக உறைந்துபோகிறது. "உலோகம் வலுவானது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எந்த உலோகம், எவ்வளவு வலு, ஏன் என்று நின்று கேட்க நேரம் இருப்பதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அந்த "ஏன்" கையில் பொருள் இருந்தால்தான் பிறக்கும். பொருளைக் கொண்டுவர ஆள் வேண்டும்.

யாரையெல்லாம் சிறப்பிக்கிறீர்கள்?

பொருளோடு பழகிய கை உள்ள எவரையும். படிப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. இதுவரை சிறப்பிக்கப்பட்டவர்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை வெல்டர் ஒருவர் உண்டு, தன் மாமியாரின் முப்பதாண்டு தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்த தாயார் ஒருவரும் உண்டு. (வார்ப்பிரும்புக் கல்லில் எண்ணெய் மெல்லிய படலமாகச் சூடேறும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான கறுப்புப் பூச்சாகிவிடுகின்றன. தோசை ஒட்டாமல் எழும்புவதற்கு அந்தப் பூச்சே காரணம். பிள்ளைகள் அன்று புதிய கல்லையும் பழைய கல்லையும் விரலால் தடவிப் பார்த்தார்கள்.)

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிராங்கூன் சாலைப் பக்கம் நகைப் பட்டறையில் நாற்பதாண்டு உட்கார்ந்து வேலை செய்த பத்தர் அவர். அவரிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நகையில் 916 என்று ஏன் முத்திரை இருக்கிறது? 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு என்று கணக்கை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு மீதி இரண்டு பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சுத்தத் தங்கத்தில் வளையல் செய்தால் கையைக் கதவில் இடித்தாலே நெளிந்துவிடும். செம்பும் வெள்ளியும் சேர்ந்தால்தான் நிற்கும் என்றார்.

ஏன் நிற்கும் என்பதற்குத் தட்டில் பட்டாணியைப் பரப்பினோம். ஒரே அளவுப் பட்டாணிகள் வரிசையாக ஒன்றின் பக்கம் ஒன்று எளிதில் வழுக்கின. நடுநடுவே அளவு வேறான கொண்டைக்கடலையைப் போட்டதும் வரிசை தடுக்கி நின்றது. தங்கத்துக்குள் அளவு வேறான செம்பு அணுக்கள் செய்யும் வேலையும் இதுதான்: அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தடுப்பது. பத்தர் தட்டைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, வெள்ளி சேர்த்தால் நிறம் வெளுக்கும், செம்பு சேர்த்தால் சிவக்கும், கடினமும் வேறாக வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தியும், அவர் கைக்கு மட்டும் தெரிந்திருந்த காரணமும் அந்த அறையில் சந்தித்துக்கொண்டன. அவரைச் சிறப்பிக்காமல் வேறு யாரைச் சிறப்பிப்பது?

ஆசிரியர்களுக்குத்தான் ஏற்கெனவே விருதுகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவற்றை மதிக்கிறோம். ஆசிரியர்களுக்கான அதிபர் விருது 1998 முதல் வழங்கப்படுகிறது. தமிழாசிரியர்களுக்கு, தமிழ் முரசும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் பிறரோடு சேர்ந்து 2002 முதல் நல்லாசிரியர் விருது அளித்துவருகின்றன. தொண்டூழியத்துக்கும் கொடைக்கும் அதிபர் விருதுகள் 2012 முதல் உள்ளன. உங்கள் பிள்ளையின் அறிவியல் ஆசிரியர் சிறந்தவர் என்றால், எங்களிடம் வருவதற்கு முன் அத்தகைய விருதுக்கு அவரை முன்மொழியுங்கள். எழுதுவதற்கு நாங்கள் உதவுகிறோம்.

எங்கள் கவலை வேறு. மேடைக்கு எட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முதலில் வருபவர் ஆய்வுக்கூட உதவியாளர்.

ஆய்வுக்கூட உதவியாளருக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்?

ஒரு செம்புக் கம்பி வகுப்பைச் சொல்கிறேன், நீங்களே முடிவுசெய்யுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டுக் கம்பி. இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை, ஒரே நீளம், ஒரே பருமன். ஒன்று நூலைப் போல வளைகிறது. மற்றொன்று விறைத்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் "இது வேறு உலோகம்" என்று அடித்துச் சொல்வார்கள். பிறகுதான் உண்மையைச் சொல்வோம்: விறைத்த கம்பி பலமுறை வளைத்து நிமிர்த்தப்பட்டது. வளைக்க வளைக்க, உலோகத்தின் அடுக்கில் உள்ள கோடு போன்ற குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கு விழுந்த தலைமுடியில் சீப்பு நகராததைப் போல அடுக்குகள் நகர மறுக்கின்றன. அதே கம்பியைச் செஞ்சூடாக்கி ஆறவிட்டால் சிக்கு அவிழ்ந்து மறுபடியும் மென்மையாகிவிடும்.

இதைக் கேட்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் 30 பிள்ளைகளுக்கு 60 துண்டு வெட்டி, பாதியை ஒரே எண்ணிக்கையில் வளைத்து நிமிர்த்தி, மீதியைத் தீயில் காட்டி ஆற்றி, கலந்துவிடாமல் இரண்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தவர் முந்தைய இரவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் கையில் தீ போகக்கூடாது என்பதால் அதையெல்லாம் அவரே செய்தார். வகுப்பில் பேசியவர் வேறொருவர். கைதட்டல் பேசியவருக்குக் கிடைத்தது.

பிரிட்டனில் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர்களுக்கென்றே தனி விருது இருக்கிறது. அமெரிக்காவில், 1913இல் தொடங்கிய ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் என்ற பொருளறிவியல் சங்கத்தின் கல்வி அறக்கட்டளை, பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார இலவசப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. பொருளறிவியல் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு விருதும் தருகிறது. அவை பெரிய அமைப்புகள். அவற்றின் அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை. ஆனால் டப்பாவைக் கொண்டு வந்தவரின் பெயரைச் சரியாகச் சொல்வதற்கு வசதி எதற்கு?

சான்றிதழில் என்ன எழுத வேண்டும்?

இதற்கான பதிலை நாங்கள் வலியோடு கற்றுக்கொண்டோம். முதல் ஆண்டு பதினான்கு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம். தங்க நிற ஓரம், நல்ல தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "அன்னாரது அரும்பணியைப் பாராட்டி." நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வெல்டர் என்னிடம் வந்தார். சான்றிதழின் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "நான் என்ன செய்தேன் என்று இதில் எழுதவில்லையே, தம்பி" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பேரனிடம் காட்டும்போது அவன் கேட்பான், அதனால் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை.

அவர் செய்தது இது. இரண்டு இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்து, குறுக்காக அறுத்து, உப்புத்தாளில் மணிக்கணக்காகத் தேய்த்து, கண்ணாடி போல் மெருகேற்றினார். ஆய்வுக்கூட உதவியாளர் அதை அமிலக் கலவையில் தோய்த்து எடுத்தார். தோய்த்ததும் உலோகத்தின் உள்ளே இருந்த வரைபடம் வெளியே வந்தது: உருகி உறைந்த பகுதியில் இரு பக்கச் சுவரிலிருந்தும் நடுவை நோக்கி நீண்டு வளர்ந்த படிகங்கள், அதை ஒட்டி, உருகாமல் சூட்டில் மட்டும் மாறிப்போன ஒரு பட்டை, அதற்கப்பால் பழைய இரும்பு. "நல்ல வெல்டிங் தையலில் உடையாது, தையலுக்குப் பக்கத்தில்தான் உடையும்" என்று அவர் சொன்னபோது, அந்தப் பட்டையைப் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டினார்கள். முப்பதாண்டு அனுபவத்தை உள்ளங்கை அளவுத் துண்டில் கொண்டுவந்து காட்டியவருக்கு நாங்கள் "அரும்பணி" என்று ஒரு சொல்லைக் கொடுத்திருந்தோம்.

அடுத்த ஆண்டு முதல் சான்றிதழில் மூன்று செய்திகள் கட்டாயம்: எந்தப் பொருள், அதை வைத்து அவர் என்ன செய்தார், பிள்ளைகள் எதைப் புரிந்துகொண்டார்கள். அவருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தது இப்படித் தொடங்குகிறது: "இரும்புத் தையல் ஒன்றை அறுத்து மெருகேற்றி, அதனுள் படிகங்கள் வளர்ந்திருக்கும் விதத்தை 24 பிள்ளைகள் கண்ணால் காணும்படி செய்தவர்." அன்னார், அரும்பணி, அளப்பரிய, தன்னலமற்ற ஆகிய சொற்களை எங்கள் சான்றிதழ்களில் இனி நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

பரிசு, பொன்னாடை, பணமுடிப்பு உண்டா?

பணம் இல்லை. அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள் பரிசு வாங்குவதற்கு விதிமுறைகள் உள்ளன. அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். பிள்ளை கைப்பட எழுதிய கடிதம் போதும். பொன்னாடை நம் மரபு, அதன்மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் பொருளைப் பற்றிய வகுப்புக்கு உதவியவருக்குப் பொருளாலேயே நன்றி சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

அதனால் வெள்ளீயத்தில் ஒரு வட்டத் தகடு வார்த்துக் கொடுக்கிறோம். எடை ஏறத்தாழ 25 கிராம். அச்சு, கணவாய் ஓடு. பறவைக் கடைகளில் கிளிகள் கொத்துவதற்காக விற்கிறார்களே, அதே ஓடுதான். பொற்கொல்லர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அச்சு அது: மென்மையாகக் குடையலாம், சூட்டையும் தாங்கும். பிள்ளைகள் அதில் உருவம் செதுக்குவார்கள். உருக்கி ஊற்றுவது பத்தர் மட்டுமே. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். ஈயச் சொம்பில் ரசம் வைத்த பாட்டிமார்களுக்கு இது தெரியும்: ரசம் இருக்கும்வரை சொம்பு பிழைக்கும், வற்றிவிட்டால் அடுப்பிலேயே ஒழுகிவிடும். நீர் உள்ளவரை சூடு 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்பதுதான் காரணம். காரீயம் கலந்த பழைய ஈயத்தை நாங்கள் தொடுவதில்லை. காரீயம் இல்லை என்று சான்று உள்ள வெள்ளீயத்தையே வாங்குகிறோம்.

வெள்ளீயத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மெல்லிய கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் "கிரீச்" என்று ஒலி எழுப்பும். வளையும்போது படிகங்கள் சட்டென்று கண்ணாடிப் பிம்பம் போல் திசை மாறுவதால் வரும் ஒலி. தகட்டைப் பெறுபவர்கள் அதை வளைத்துவிட வேண்டாம் என்பதற்காக, நிகழ்ச்சியிலேயே வேறொரு கட்டியை எல்லாரும் வளைத்துக் கேட்க வைத்திருப்போம்.

பொருளறிவியலுக்கும் சிங்கப்பூருக்கும் என்ன தொடர்பு?

நிறைய. வெள்ளீயத்திலிருந்தே தொடங்கலாம்: 1890இல் பிரானித் தீவில் வெள்ளீய உருக்காலை வந்தது. மலாயாவின் தாதுமண் இங்கே வந்து கட்டியாக மாறிக் கப்பல் ஏறியது.

அதற்கும் முன்னால் கட்டாபெர்ச்சா. இப்பகுதிக் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பால். சுடுநீரில் இளகும், ஆறினால் கெட்டியாகும், நொறுங்காது. மலாய்க்காரர்கள் அதில் வெட்டுக்கத்திக்குப் பிடி செய்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி அப்படியொரு பிடியைப் பார்த்து வியந்து, 1843இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். மின்சாரத்தைக் கசியவிடாத குணம் அதற்கு இருந்ததால், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1851இல் இங்கிலாந்தும் பிரான்சும் அப்படி இணைந்தன. 1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்தன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செய்தி கொண்டுவந்த கம்பியின் தோல் இந்த மரத்தின் பால்! இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆனால் பாலுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள்; காடுகளிலிருந்து அந்த மரமே அருகிப்போனது.

மாண்ட்கோமரிக்கு லண்டன் கலைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. கத்தியை வைத்திருந்தவர் வரலாற்றில் "ஒரு மலாய்த் தொழிலாளி" என்று மட்டும் நிற்கிறார்.

ரப்பரும் இதே கதைதான். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது, நிலைக்க வேண்டியதுதான். அந்தச் சீவலை விடியற்காலை இருட்டில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவர்கள் யார்? மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்த பொருளறிவியல். எங்கள் பட்டியலை நாங்கள் ஏன் இப்படிப் பிடிவாதமாக எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

இன்றைய சிங்கப்பூருக்கு வந்தால், 2003இல் அறிமுகமான நியூவாட்டர் என்ற மறுபயனீட்டு நீரைச் சுத்திகரிப்பது நுண்ணிய சவ்வுத் தகடுகள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கழிப்பறைக் கூரையில் கான்கிரீட் உப்பிப் பெயர்கிறதே, அது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துத் தள்ளுவதால். பாடம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

வெளிநாட்டு ஊழியர் ஒருவரை முன்மொழியலாமா?

தாராளமாக. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலைசெய்யும் தமிழகத்து அண்ணன்மார்கள் அளவுக்கு இரும்பையும் கான்கிரீட்டையும் தொட்டறிந்தவர் நம்மில் குறைவு. வகுப்புக்கு அழைக்கும் முன் அவருடைய வேலை அனுமதிக்கு இடையூறு இல்லை என்பதை முதலாளியிடம் கேட்டு உறுதிசெய்கிறோம். வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஓய்வு நாளைக் கேட்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருத்திவைப்பதில்லை, சாப்பிடாமல் அனுப்புவதும் இல்லை. சான்றிதழில் அவர் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள். ஊருக்கு அனுப்பிவைப்பார். அங்கே அதை வாசிக்கப்போகும் பிள்ளைக்குத் தமிழ் தெரியும்.

படம் எடுத்துப் பகிரலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. பிள்ளைகள் படத்தில் இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும்.

கடைகளும் நிறுவனங்களும் நன்கொடை தந்தால் பெயர் போடுவீர்களா?

போடுவோம், மற்றவர்களுக்குப் போடும் அதே எழுத்தளவில். "முதன்மை ஆதரவாளர்" போன்ற படிநிலைகள் கிடையாது. "தொடக்கநிலை 4 வகுப்புக்கு 3 கிலோ செம்புக் கம்பி தந்த இரும்புக்கடை" என்று எழுதுவோம். பொதுநலத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கான 250 விழுக்காட்டு வரிக்கழிவு எங்களுக்குத் தரப்படும் நன்கொடைக்குப் பொருந்தாது. நாங்கள் அப்படிப் பதிவுபெற்றவர்கள் அல்ல.

தமிழில் நடத்துவதால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

பள்ளியில் ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இவர்கள். ஆங்கிலச் சொல் அவர்களிடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைக்கிறோம். வார்ப்பு, புடம், பற்று, உருக்கு, வெண்கலம், துவைச்சல் என்று தமிழ் உலோகத் தொழிலுக்குச் சொல் பஞ்சமே இல்லை. காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்துக் கடினமாக்குவதற்குக் கொல்லர்கள் சொல்லும் துவைச்சலைப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் விடுவதில்லை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் பழங்கால இரும்பு, உருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னிந்திய உருக்கின் மர்மத்தை அறிய மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் சோதனை செய்தார். சென்னையில் பொறியியல் படித்துப் பொருளறிவியலாளரான சுப்ரா சுரேஷ் 2018 முதல் 2022 வரை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். இந்தப் படிப்பு வேறு யாருடையதோ என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை.

முன்மொழிவது எப்படி?

ஜூலை முடிவதற்குள் நான்கு வாக்கியங்கள் எழுதித் தாருங்கள். யார், எந்தப் பொருள், என்ன செய்தார், உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொன்னது. நான்காவது வாக்கியமே எங்களுக்கு முக்கியம்.

பிள்ளைகள் முன்மொழியலாமா?

அவர்களின் முன்மொழிவுகள்தாம் மிகத் துல்லியமானவை. பெரியவர்கள் "மிகவும் உதவியாக இருந்தார்" என்று எழுதுகிறார்கள். ஒரு தொடக்கநிலை 3 மாணவன் எழுதியது: "மாமா கம்பியை நூறு முறை வளைத்தார். அவர் கட்டைவிரலில் கொப்புளம் இருந்தது." செம்புக் கம்பி வகுப்பின் உதவியாளர் அப்படித்தான் எங்கள் பட்டியலுக்கு வந்தார். எழுதச் சிரமப்படும் பிள்ளை வாயால் சொல்லலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அதைத் திருத்தி அழகாக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மேடை வேண்டாம் என்று அவர் சொன்னால்?

வற்புறுத்தாதீர்கள். கூச்சமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். கடிதமும் தகடும் வீட்டுக்குப் போகும். அவர் சம்மதித்தால் அந்த வேலையைப் பற்றி மாலையில் பேசுவோம், பெயரைச் சொல்ல மாட்டோம்.

ஒருவருக்கே இரண்டு முறை கிடைக்குமா?

புதிதாக ஒன்றைச் செய்திருந்தால் கிடைக்கும்.

நிகழ்ச்சி எப்போது? என்ன கொண்டுவர வேண்டும்?

ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை. அதற்கு மறுநாள் சனிக்கிழமை மாலை, வகுப்பு நடக்கும் அதே அறையில். வரும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றும், வீட்டிலிருந்து இரண்டு மூன்று எவர்சில்வர் பாத்திரங்களும் எடுத்து வாருங்கள். சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த எவர்சில்வரில் அணுக்களின் அடுக்கே வேறு, அதனால் ஒட்டாது; நிக்கல் இல்லாத வகையில் ஒட்டும். எது எது என்று பிள்ளைகள் பிரித்து வைப்பார்கள்.

பெயர் வெட்டிய பாத்திரம் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். கல்யாணத்துக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ யாரோ கொடுத்தது, புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்தது. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பாத்திரத்தைத் துருவிலிருந்து காக்கும் குரோமிய ஆக்சைடுப் படலத்தைக் குத்திக் கிழித்தவை. இருந்தும் நாற்பது ஆண்டு புளியும் உப்பும் பட்ட பிறகும் அந்த எழுத்துகளில் துரு இல்லை, ஏனென்றால் காற்றுப் பட்ட உடனே படலம் தானாகவே மறுபடி வளர்ந்துவிடுகிறது. யார் கொடுத்தது என்பது இன்னும் வாசிக்க முடிகிறதா என்று பெரிதாக்கும் கண்ணாடியில் பார்ப்போம். மாலை 5 மணிக்குத் தொடங்குகிறோம்.